கௌதாரியும் குக்குறுவானும்: சிறுவர் பாடல்களிற் பறவைகள்

தமிழ்க் குழந்தை எழுத்துலகினுட் புகும்போது அதனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வனவற்றுட் பறவைகளுக்குத் தனியிடம் உண்டு. காகம், கிளி, குயில், கொக்கு, கோழி எனக் ககர வரிசை முழுவதுமே ஒரு பறவைக் கூட்டம் எனலாம். மகரத்துக்கு மயில் வந்து நிற்கும். இவ்வரிசையில் இரண்டு எழுத்துக்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். 'கௌ' என்பதற்குக் கௌதாரியும் 'வௌ' என்பதற்கு வௌவாலும் நெடுங்காலமாக எடுத்துக்காட்டுக்களாக வழங்கிவருகின்றன. சாம்பல் நிறக் கௌதாரி இலங்கையின் வடக்கு, வடமேற்குப் பகுதிகளிலுள்ள உலர்ந்த தாழ்நிலங்களுக்குரியது. கண்டியிலோ அதனைச் சூழ்ந்த மலைகளிலோ அது காணப்படுவதில்லை. வௌவாலோ குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. ஆயினும் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் உயர்ந்த மரங்களிற் பழந்தின்னி வௌவால்கள் கூட்டங்கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் காட்சி கண்டிச் சிறுவருக்குப் புதியதன்று. இப்பகுதியிற் கல்வி தொடங்கும் குழந்தையின் ஏட்டிலுள்ள பறவை அதன் அயலில் இல்லை. அயலிலே தொங்குவது பறவை இல்லை.

இஃது அரிச்சுவடியின் குற்றமன்று. ஔகாரம் ஏறிய சொற்கள் தமிழில் அரியனவாகையால் அகப்பட்டதை எடுத்தாள்வதன்றி வேறு வழியில்லை. எழுத்தைக் கற்பிக்க வந்த பறவை பறவையையும் கற்பிக்க வேண்டுமென எதிர்பார்ப்பது முறையாகாது. ஆனால் அரிச்சுவடிக்கு அடுத்த படியில் நிற்கும் சிறுவர் பாடல்களை அவ்வாறு விட்டுவிட முடியாது. பாலர் வகுப்பிலும் ஆரம்ப வகுப்புக்களிலும் பறவைகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பாடல் வழியாகவே ஊட்டப்படுகின்றது. அப்பாடல்கள் பறவையை எவ்வாறு காட்டுகின்றன, எதனைக் காட்டாது விடுகின்றன என்னும் வினா இலக்கியத் திறனாய்வுக்கு உரியதேயாகும். சிறுவர் இலக்கியத்தை ஓசைநயத்தையும் நீதிக் கருத்தையும் மட்டும் கொண்டு எடைபோட்டுப் பாராட்டிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டமையால் இவ்வினா எழுப்பப்படுவது குறைவு.

வாய்மொழியாக வழங்கும் மிகப் பழைய குழந்தைப் பாட்டொன்றிலிருந்து தொடங்கலாம். காகத்தை அழைத்துக் கண்ணுக்கு மை கொண்டுவரும்படியும், குருவியை அழைத்துக் கொண்டைக்குப் பூக் கொண்டுவரும்படியும் தாய் கேட்பதாக அமைந்த அப்பாட்டைத் தமிழகத்திலும் ஈழத்திலும் அறியாதார் இலர். அதிலே பறவைகள் யாவும் குழந்தைக்குப் பணிபுரியும் ஏவலாளர்கள். எப்பறவை எப்பொருளைக் கொண்டுவர வேண்டுமென்பதைத் தீர்மானிப்பது மோனை. காகத்துக்குக் கண், குருவிக்குக் கொண்டை, கிளிக்குக் கிண்ணம். எனினும் காகத்துக்கும் மைக்கும் இடையிலுள்ள உறவு மோனையைக் கடந்ததாகும். கரிய பறவை கரிய பொருளைக் கொண்டுவருகின்றது; முற்றத்திற் காகத்தைக் கண்ட கண்ணே இவ்வடியைப் பாடியிருக்க வேண்டும். மேலும் இப்பாட்டுப் பாடப்படும்போது காகம் பெரும்பாலும் எதிரே இருக்கும். கைச்சோற்றை நோக்கித் தலையைச் சாய்த்து நிற்கும் காகத்தைச் சுட்டிக்காட்டியே தாய் பாடுவாள். பாட்டு சொல்லாது விட்டதைப் பறவையே வந்து நிரப்பிவிடுகின்றது. அச்சிட்ட ஏட்டுக்கு இவ்வசதி கிடையாது.

அச்சில் வந்தவற்றுள் 1915ஆம் ஆண்டிற் பாரதி பாடிய 'பாப்பாப் பாட்டு' முதன்மையானது. அதிலே சில அடிகளுக்குள் நான்கு முறை பறவை வருகின்றது. சிறுகுருவியைப் போலப் பறந்து திரியும்படியும், வண்ணப் பறவைகளைக் கண்டு மகிழும்படியும், கொத்தித் திரியும் கோழியுடன் விளையாடும்படியும், ஏய்த்துத் திருடும் காகத்தின்மேல் இரக்கம் கொள்ளும்படியும் குழந்தை பணிக்கப்படுகின்றது. இவ்வடிகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குருவி திரிகின்றது; கோழி கொத்துகின்றது; காகம் ஏய்க்கின்றது. ஒவ்வொன்றுக்கும் உரிய வினை அதனதன் பெயரோடு ஒட்டி வருகின்றது. வண்ணப் பறவைகளுக்கு மட்டும் தனிப்பெயருமில்லை, வினையுமில்லை. நிறம் ஒன்றே உண்டு. குழந்தையின் மனத்திற் கோழியும் காகமும் உயிரோடு அசைய, வண்ணப் பறவைகள் சுவரிற் சித்திரமாக நின்றுவிடுகின்றன. பாரதியின் குறை என இதனைக் கொள்ள வேண்டியதில்லை. பாட்டின் நோக்கம் அன்பொழுக்கம், பறவையியலன்று. ஆனால் பாரதிக்குப் பின்வந்தோருட் பலர் பின்பற்றியது கோழி அடியையன்று, வண்ணப் பறவை அடியையே. பச்சைக் கிளி, வெள்ளைக் கொக்கு, அழகு மயில் என நிறத்தையும் பெயரையும் அடுக்கி, இறுதியில் நீதியொன்றைப் பொருத்திவிடும் பாடல்கள் பெருகியதற்கு இதுவே தொடக்கம் எனக் கருதத் தோன்றுகின்றது.

ஈழத்துச் சிறுவர் பாடல் மரபிலே நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் இடம் தனித்துவமானது. 1878 முதல் 1953 வரை வாழ்ந்த புலவர், ஆடிப்பிறப்புக் கூழையும் கத்தரித் தோட்டத்தையும் சிறுவர் இலக்கியத்தினுள் கொண்டுவந்தவர். 'கத்தரித் தோட்டத்து வெருளி' என்னும் பாட்டிலே, கூலி வாங்காது காவல் காக்கும் சேவகனாக வெருளியை விளித்து, அதன் கோலத்தைப் படிப்படியாக அவர் காட்டும் திறன் வியக்கத்தக்கது. அங்கே நீதி இல்லை, பொருள் இருக்கின்றது. அதனாலேயே வெருளியைக் கண்டிராத குழந்தையும் அதனைக் கண்டுவிடுகின்றது. ஆயினும் ஒரு முரணை இங்கு சுட்டாதிருக்க முடியவில்லை. பறவைகளோடு தொடர்புடைய ஈழத்துச் சிறுவர் பாடல்களுள் மிகக் கூர்மையாக நோக்கப்பட்ட உருவம் பறவையை விரட்டுவதற்காக நாட்டிய பொம்மையே போலும்! வெருளிக்குக் கிடைத்த அந்தக் கண் தோட்டத்துக்கு வந்த பறவைக்கும் கிடைத்திருக்குமாயின் நம் பாலர் வகுப்புக்கள் எவ்வளவோ செழித்திருக்கும்.

பறவையை அவ்வாறு நோக்கும் கண் தமிழுக்குப் புதியதன்று. குறுந்தொகையில் வரும் ஊர்க்குருவி துள்ளி நடக்கின்றது. முட்டையிடும் காலம் நெருங்கிய தன் பேடைக்குக் கூடமைப்பதற்காக அச்சேவல் மணமற்ற கரும்புப் பூவைக் கோதி எடுக்கின்றது. அந்நூலின் இன்னொரு பாட்டில், வீட்டிறப்பில் வாழும் குருவியின் மடங்கிய சிறகு வாடிய ஆம்பற் பூவுக்கு உவமிக்கப்படுகின்றது. கபிலர் பாட்டொன்றிலே, தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களையுடைய குருகு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கின்றது. இவையனைத்தும் அகத்திணைப் பாடல்கள், சிறுவருக்காக எழுந்தவையல்ல. ஆயின் பறவையைக் காட்டும் முறையில் இவற்றிலும் சிறந்த ஆசிரியர் எவருமிலர். குருவி 'அழகானது' என எப்புலவரும் கூறவில்லை. அது எவ்வாறு நடக்கின்றது, எதைப் பொறுக்குகின்றது, எதற்காகப் பொறுக்குகின்றது என்பவற்றையே கூறினர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கண்டி வாவியின் கரையில் மாலை வேளையில் நிற்கும் எவரும் கபிலரின் குருகை இன்றும் காணலாம். கால் அசையாது, கழுத்து மட்டும் நீண்டு, நீரையே நோக்கி நிற்கும் வெண்கொக்கு அது. அருகிலுள்ள மரங்களில் நீர்க்காகங்கள் அடையக் கூடும் நேரமும் அதுவே. வாவியைச் சுற்றி நாள்தோறும் நடந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்குத் தன் வகுப்பிற் கொக்கு ஒரு நிறமாகவும் எழுத்தாகவும் மட்டும் அறிமுகமாவது வருந்தத்தக்கது.

சத்திமுற்றப் புலவரின் நாரையையும் இங்கு நினைத்தல் பொருந்தும். அதன் அலகுக்குப் புலவர் தேடிய உவமை பிளந்த பனங்கிழங்கு. யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. கலஹாவிலோ புசல்லாவையிலோ தேயிலைத் தோட்டத்தில் வளரும் குழந்தைக்கு அலகை விளக்க வந்த உவமையையே முதலில் விளக்க வேண்டியிருக்கும். உவமை என்பது வாசகன் அறிந்ததைக் கொண்டு அறியாததை உணர்த்துவது. அறிந்தது எது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். 'மண்வாசனை' என்னும் சொல் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்து நாவல், சிறுகதை ஆகியவற்றை முன்னிட்டு ஓயாது விவாதிக்கப்பட்டது. அவ்விவாதம் பாலர் பாட்டின் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததாகத் தெரியவில்லை.

பறவைகளின் வினைச்சொற்கள் தமிழில் இல்லாமலில்லை, மிகுதியாகவே இருக்கின்றன. காகம் கரையும், மயில் அகவும், கிளி கொஞ்சும், ஆந்தை அலறும், கூகை குழறும், புறா குனுகும், கோழி கொக்கரிக்கும். இவ்வொலி மரபு வேறெம்மொழிக்கும் குறையாத செல்வம். ஆந்தையின் ஒலிக்கும் கூகையின் ஒலிக்கும் தனித்தனி வினை வகுத்த சமூகம் இரவிலே செவி கொடுத்துக் கேட்ட சமூகமாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் இச்சொற்கள் இன்று மாணவனை வந்தடைவது எவ்வாறு? ஒருபுறம் பறவையும் மறுபுறம் வினையும் நிரையாக எழுதப்பட்டு, இணைத்தெழுதுக என்னும் பயிற்சியாக அவை வருகின்றன. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை இப்பட்டியலைத் தவறின்றி ஒப்புவிக்கும். புறா குனுகுவதை அது கேட்டதுண்டா என்பதை வினாத்தாள் கேட்பதில்லை. கேட்டறிந்தவர்கள் ஆக்கிய சொற்களை, கேளாமலே மனனம் செய்யும் நிலைக்கு ஆளாக்கியுள்ளோம்.

இப்பட்டியலில் இடம்பெறாத ஒரு பறவையைக் கண்டி மாநகரின் வீட்டுத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் கேட்கலாம். பச்சை உடலும் தடித்த அலகும் கொண்டு, பட்ட மரக்கிளையிலே துளை செய்து வாழும் குக்குறுவானே அது. இலைகளோடு இலையாக மறைந்திருப்பதால் அதனைக் காண்பது அரிது. கேளாதிருப்பதோ அதனிலும் அரிது. ஒரே ஒலியை இடையறாது அடுக்கிக்கொண்டு அது மணிக்கணக்கிற் கூவும். தமிழர் அதனைக் குக்குறுவான் என்றனர். சிங்களர் கொட்டோறுவா என்கின்றனர். இரு மொழியினரும் ஒரே குரலைக் கேட்டுத் தத்தம் எழுத்துக்களில் அதனைப் பதிந்துகொண்டமை தெளிவு. ஒரு குழந்தைக்குப் பறவையின் பெயர், குரல், இருப்பிடம் மூன்றையும் ஒரே சொல்லில் உணர்த்தக்கூடிய வாய்ப்பு இதைப்போல் வேறில்லை. ஓசையை விரும்பும் பாலர் பாட்டுக்கு இப்பெயரே பாதிப் பாட்டு. இருந்தும் பரவலாக வழங்கும் நம் சிறுவர் பாடல்களிற் குக்குறுவானைக் காண முடிவதில்லை. கிளிக்கும் குயிலுக்கும் மயிலுக்கும் ஒதுக்கிய இருக்கைகள் நிரம்பிவிட்டன போலும்.

இதன் விளைவு பாட்டோடு நிற்பதில்லை. கண்டியிலும் சூழவுள்ள தோட்டங்களிலும் வளரும் தமிழ்ப் பிள்ளை சிங்களம் பேசும் அயலாரோடு பழகி வளர்கின்றது. குண்டுகரிச்சானைப் பொல்கிச்சா என்றும், குயிலைக் கொஹா என்றும், மாங்குயிலைக் கஹகுருல்லா என்றும் அது அறிந்துகொள்வது இயல்பு. அயல்மொழிப் பெயரை அறிவது இழப்பன்று. சித்திரைப் புத்தாண்டை அண்டிக் கேட்கும் கொஹாவின் குரலுக்கு இரு சமூகத்தாரும் ஒருங்கே செவி சாய்ப்பது மகிழ்தற்குரியது. இழப்பு எதுவெனின், தமிழ்ப் பக்கம் வெறுமையாக இருப்பதாகும். சிங்களத்திற் பத்துப் பறவைகளுக்குப் பெயர் கூறும் பிள்ளை தமிழில் அவற்றுட் பலவற்றைக் 'குருவி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றது. தாய்மொழி பாடநூலுக்குரியது, அயலிலுள்ள உலகம் பிறமொழிக்குரியது என்னும் எண்ணம் பிள்ளையின் மனத்தில் அமைதியாகப் படிந்துவிடுகின்றது. தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் உழைத்தும் இம்மண்ணுக்குரியோரென ஏற்கப்படுவதற்கு நெடுங்காலம் போராட வேண்டியிருந்த சமூகத்தின் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று.

பெயர்கள் எங்கேயும் பதியப்படவில்லை எனவும் கூறவியலாது. கண்டிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் 1891இற் பிறந்த ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட 'இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி' என்னும் ஆங்கில நூலிலே, சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டுள்ளன. அவருக்கு முன்னரே, 1870களின் இறுதியில், லெக் எழுதிய பெருநூலும் உள்ளூர்ப் பெயர்களைப் பதிந்திருந்தது. தமிழ்ப் பெயரைத் தேடும் தமிழாசிரியர் ஆங்கில நூலைப் புரட்ட வேண்டியிருப்பது விந்தையே. வேறுபாடும் உண்டு. கூட்டமாகத் தரையிற் குதித்துக் கலகலக்கும் பழுப்பு நிறப் பறவையை யாழ்ப்பாணத்தார் புலுனி என்பர். தமிழகத்தார் தவிட்டுக்குருவி என்பர். ஆங்கிலேயர் ஏழு சகோதரிகள் என்றனர். சிங்களத்தில் அதன் பெயர் தெமலிச்சா. ஓயாது பேசும் அப்பறவைக்கு அப்பெயர் வாய்த்த வரலாற்றை மொழியியலார் ஆராய்வாராக! வகுப்பில் எப்பெயரைப் பயன்படுத்துவது என்று ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. பிள்ளையின் பாட்டி வழங்கும் பெயர் முதலிலும், பிற பெயர்கள் அதன் பின்னும் வரலாம். 1980 முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் பொதுவானதாகையால், இப்பணியை அந்நூலிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது. அது பாட்டுக் கட்டுவோரின் பணி. ஆரம்ப வகுப்பு ஆசிரியரின் பணி.

சிறுவர் பாடல் இலக்கியமேயன்றி விலங்கியற் பாடமன்று, அதனிடம் உண்மையைக் கோருவது கற்பனையின் கழுத்தை நெரிப்பதாகும் என்று வாதிப்போர் உளர். குயிலை அவர்கள் எடுத்துக்காட்டுவர். தமிழ்க் கவிதையிற் குயில் பெண், பாடுவதும் அவளே. பாரதியின் 'குயில் பாட்டு' இம்மரபின் உச்சம். உண்மையிற் கூவுவது கரிய நிறமுடைய ஆண் பறவை. பேடை பழுப்பு உடலில் வெண்புள்ளி கொண்டது, அதன் குரல் விட்டுவிட்டு ஒலிக்கும் கூர்மையான கிறீச்சொலி. வளர்ந்தோருக்கான கவிதையில் இம்மாற்றம் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. குழந்தைக்கான பாட்டில் நிலை வேறு. ஒரே மரத்திற் கரியதொன்றும் புள்ளியுடையதொன்றும் வந்தமர்வதைக் காணும் பிள்ளை அவற்றை இரு வேறு பறவைகளாகவே கொள்ளும். அவை இணை என்பதும், காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடுவன என்பதும் எக்கற்பனைக்கும் குறைந்த சுவையுடையனவல்ல. உண்மை நெருங்கி வருமிடத்துக் கதை இளைத்துப்போவதுமில்லை. தாகங்கொண்ட காகம் குடத்திற் கல்லிட்டு நீரை உயர்த்திய ஈசாப் கதை நெடுங்காலம் வெறும் புத்திமதியாகவே கொள்ளப்பட்டது. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் என்னும் பறவைகள் குழாயிலுள்ள நீரிற் கற்களை இட்டு, மிதக்கும் புழுவை எட்டியெடுத்ததைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2009இற் காட்டினர். நரியிடம் வடையை இழந்த காகத்தை விட இக்காகத்தையே நம் வகுப்புக்கள் போற்றியிருக்கலாம்.

சலீம் அலியின் இளமை நிகழ்ச்சியொன்று இவ்விடத்துக் கருதத்தக்கது. 1908ஆம் ஆண்டளவிற் பம்பாயில், தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சட் கறை இருப்பதைக் கண்டு, அது எவ்வகைக் குருவி என வினவிய சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்ட் திருப்பியனுப்பவில்லை. பாடம் செய்து வைத்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். சிறுவனுக்கு அங்கு கிடைத்தது அறிவுரையன்று. 'குருவி' என ஒன்றாகத் தோன்றியது பலவாகப் பிரியும் காட்சி. கண்டியில் இழுப்பறைக்குத் தேவையில்லை. தலதா மாளிகையின் பின்னே நூறு ஹெக்டேயருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் உடவத்தகலைக் காடு இருக்கின்றது. 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இற் சரணாலயமாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட அக்காடு நகரப் பாடசாலைகள் பலவற்றுக்கு நடைதூரத்தில் உள்ளது. மலைமைனாவும் மரகதப்புறாவும் இலங்கைக்கே உரிய கிளி வகைகளும் அங்குண்டு. தோட்டப் பாடசாலைக்கு அத்துணைத் தூரமும் வேண்டியதில்லை. தேயிலை நிரைகளிடையே நிற்கும் நிழல்மரம் ஒன்று போதும்.

ஒக்டோபர் மாதமளவில் வட இந்தியாவிலிருந்து ஒரு பறவை இப்பகுதிக்கு வந்து சேருகின்றது. வால் குட்டையான, பல நிறங்கொண்ட அது சருகுகளிடையே தத்தித் திரியும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைக் குரலெழுப்பும். குரலின் நேரத்தை வைத்து அதனை ஆறுமணிக் குருவி எனத் தமிழகத்தில் அழைப்பர். சிங்களத்தில் அவிச்சியா என்னும் பெயர் அதன் குரலிலிருந்து பிறந்தது. திருமணமொன்றுக்குப் போவதற்கென மயில் அதனிடம் அழகிய உடையை இரவல் வாங்கித் திருப்பிக் கொடாமற் போனதாகவும், அதனையே அது அந்தியில் முறையிடுவதாகவும் சிங்களக் கிராமத்தார் கதை கூறுவர். பறவையின் நிறம், குரல், குரலெழுப்பும் வேளை ஆகிய மூன்றும் இக்கதையினுள் அடங்கிவிட்டன. நீதியென்று எதுவும் ஒட்டவைக்கப்படவில்லை. ஏட்டு மயிலும் இதிலே வருகின்றது, திருடனாக! தமிழிற் பெயர்த்துச் சொல்வதற்கு இதனினும் எளிய கதை கிடைப்பது அரிது. மூன்றாந் தவணையின் நடுவில் ஏதேனுமொரு மாலை ஆறு மணிக்கு வீட்டுத் தோட்டத்திற் கேட்ட குரலை மறுநாட் காலை வகுப்பிற் செய்துகாட்டும்படி ஆசிரியர் பணிக்கலாம். ஏப்பிரல், மே அளவில் அப்பறவை வடக்கே திரும்பிவிடும்.